பிள்ளைக்குக் கதையைக் கொடுங்கள், நோட்ஸை அல்ல



ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வாரமாக ஒரே பேச்சு. வெளிநாட்டில் தொழில் செய்யும் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து பாடசாலை நூலகத்துக்கு ஆங்கில இலக்கியப் புத்தகங்கள் வாங்கித்தர முன்வந்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியர், டிக்கன்ஸ், டெபோ, மார்க் ட்வைன் என்று பட்டியலும் போட்டுவிட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. பட்டியல் வந்த அன்றிரவே சண்டையும் தொடங்கிவிட்டது.

ஒரு சாரார் சொல்கிறார்கள்: "நாலு சொல் இங்கிலிஷில கதைக்கத் தெரியாத புள்ளைக்கு ஷேக்ஸ்பியர் எதுக்கு? அந்தக் காசில ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு வையுங்க."

இன்னொரு சாரார்: "கொழும்புப் புள்ளைகள் ஒரிஜினல் புத்தகம்தான் படிக்குது. நம்மட புள்ளைகளுக்கு மட்டும் சுருக்கின புத்தகமா? நாம என்ன குறைஞ்ச ஆக்களா?"

மூன்றாவது சாரார்: "சூனியக்காரி, காதல், சாராயம் எண்டு வெள்ளைக்காரன் எழுதின கதைகள் நம்மட புள்ளைகளின் ஈமானுக்கு ஆகாது."

இத்தனை பேர் பேசியும், வகுப்பறையில் நின்று ஆங்கிலம் படிப்பிக்கும் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வது எங்கள் கடமை. எங்கள் நிலைப்பாடு இதுதான்: பழம்பெரும் ஆங்கிலக் கதைகள் எமது பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை ஒரு வரிசையில் வரவேண்டும். முதலில் கதை தமிழில் காதுக்கு. பிறகு இலகுவான ஆங்கிலத்தில் கண்ணுக்கு. கடைசியில் மூலப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம். இந்த வரிசை இல்லாமல் புத்தகம் வாங்கினால் அது கண்ணாடி அலுமாரிக்குள் தூங்கும். பரிசளிப்பு விழாவில் அதிதிகளுக்குக் காட்ட மட்டும் உதவும்.

முதலில் "ஒரிஜினல்தான் வேண்டும்" என்ற சகோதரர்களுக்கு.

உங்கள் ரோசம் எங்களுக்கு விளங்குகிறது. எமது பிள்ளை எவருக்கும் குறைந்தவன் இல்லை. ஆனால் வாசிப்புக்கு ஒரு கணக்கு உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த போல் நேஷன் என்ற மொழியியலாளர் 2006இல் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். ஒருவர் அகராதியின் துணை இல்லாமல் ஒரு நாவலை விளங்கி வாசிக்க வேண்டுமானால், அதிலுள்ள சொற்களில் நூற்றுக்குச் சுமார் 98 தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் தேவை. ஒரு சொல்லையும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களையும் சேர்த்தால் ஒரு குடும்பம். தமிழ்மொழிமூலத்தில் படிக்கும் தரம் 10 பிள்ளைக்கு இரண்டாயிரம் குடும்பங்கள் தெரிந்தாலே நாங்கள் மாஷா அல்லாஹ் என்போம்.

இதை ஒரு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 300 சொற்கள் உள்ள பக்கத்தில் 98 வீதம் தெரிந்தால், தெரியாதவை 6. பிள்ளை ஊகித்து முன்னே போகும். 80 வீதம் மட்டும் தெரிந்தால், தெரியாதவை 60. ஒரு பக்கத்துக்கு அறுபது தடவை அகராதி புரட்டும் பிள்ளை கதை வாசிக்கிறதா, கிணறு தோண்டுகிறதா? மூன்றாவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடும். அத்தோடு "எனக்கு இங்கிலிஷ் வராது" என்ற முடிவுக்கும் வந்துவிடும். பிறகு அந்த எண்ணத்தை மாற்ற எங்களுக்கு வருடக்கணக்கில் போகிறது.

சுருக்கிக் கொடுப்பது கேவலம் என்று யார் சொன்னது? சார்ள்ஸ் லாம்ப், மேரி லாம்ப் என்ற தம்பியும் அக்காவுமான இரு உடன்பிறப்புகள் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை உரைநடைக் கதைகளாகச் சுருக்கி 1807இல் வெளியிட்டார்கள். யாருக்காக? ஆங்கிலம் பேசியே வளர்ந்த ஆங்கிலேயப் பிள்ளைகளுக்காக. வெள்ளைக்காரன் தன் பிள்ளைக்கே இருநூறு வருடங்களுக்கு முன் சுருக்கித்தான் கொடுத்தான். எமது வீட்டையும் பாருங்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் இருந்தா தொடங்குகிறோம்? அதில் 5,027 பாடல்கள். தமிழைத் தாய்ப்பாலோடு குடித்த பிள்ளைக்கே கதையை முதலில் எளிய பேச்சில் சொல்கிறோம். அதனால் சீறாப்புராணத்தின் மதிப்புக் குறைந்துவிட்டதா? குர்ஆன் மத்ரஸாவில் சேர்ந்த அன்றே பிள்ளையிடம் சூரத்துல் பகராவை ஓதச் சொல்கிறோமா? அலிபில் தொடங்குகிறோம். மார்க்கத்தில் விளங்கும் இந்த ஒழுங்கு ஆங்கிலத்தில் மட்டும் ஏன் விளங்கவில்லை?

அடுத்து "ஸ்போக்கன் இங்கிலிஷ் போதும்" என்ற சகோதரர்களுக்கு.

உங்களிடம் ஒரு கேள்வி. கடந்த பத்து வருடங்களில் எமது ஊரில் எத்தனை ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகள் திறந்தன? எத்தனை பதாகைகள் தொங்கின? "மூன்று மாதத்தில் சரளமான ஆங்கிலம்" என்று காசு வாங்கினார்கள். மூன்று மாதம் முடிந்தது. பிள்ளை தன் பெயர், ஊர், வாப்பாவின் தொழில் ஆகிய மூன்றையும் சொல்லும். நாலாவது கேள்வி கேட்டால் நிலத்தைப் பார்க்கும். ஏன்? வாய்க்கு வரவேண்டிய சொல் முதலில் தலைக்குள் போயிருக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் இல்லை, கடைத்தெருவில் இல்லை, பள்ளிவாசலில் இல்லை. எமது ஊர்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் நிறையக் கிடைக்கக்கூடிய இடங்களில், ஆசிரியரின் கண் முன்னே வைத்துப் படிப்பிக்கக்கூடியது புத்தகம் ஒன்றுதான்.

இது எங்கள் கற்பனை அல்ல. பிரித்தானியர் ஆட்சியில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அதிபராக இருந்தவர் மைக்கல் வெஸ்ட். வருடக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் வங்காளப் பிள்ளைகளின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதைக் கண்டார். பேச்சை விட வாசிப்பை முன்னிறுத்த வேண்டும் என்றார். தெரிந்த சொற்களுக்குள் கதை சொல்லி, புதிய சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் வாசிப்புப் புத்தகங்களை 1920களில் எழுதினார். அவர் 1953இல் வெளியிட்ட, சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைக் கொண்ட பட்டியலை இன்றும் ஆசிரியர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த யோசனை ஒக்ஸ்போர்ட்டில் பிறக்கவில்லை. எம்மைப் போன்ற பிள்ளைகளின் வகுப்பறையில், வங்காளத்தில் பிறந்தது.

பீஜித் தீவுகளின் கிராமப் பாடசாலைகளில் வார்விக் எலி, பிரான்சிஸ் மங்குபாய் ஆகிய இருவர் செய்த பரிசோதனையின் முடிவு 1983இல் வெளிவந்தது. நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வீதம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. புத்தகம் கிடைத்த பிள்ளைகள், வழமையான பாடப்பயிற்சி மட்டும் பெற்ற பிள்ளைகளை முதலில் வாசிப்பிலும் கேட்டு விளங்குவதிலும் முந்தினார்கள். அடுத்த வருடம் எழுத்திலும் இலக்கணத்திலும் கூட முந்தினார்கள். எலி 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலும் ஆரம்ப வகுப்புகளில் இதேபோன்ற புத்தகத் திட்டத்தில் பங்கெடுத்தார். ஆகவே "எமது நாட்டுக்கு இது சரிவராது" என்ற சாட்டும் செல்லாது.

பீஜியில் கொடுத்தது படக்கதைப் புத்தகங்கள், ஷேக்ஸ்பியர் இல்லையே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. சின்ன வகுப்புகளுக்குப் படக்கதைதான் வேண்டும். தரம் 8, 9க்கு வந்த பிள்ளை பூனைக்குட்டிக் கதையை நீட்டினால் முகத்தைச் சுளிக்கும். அதன் ஆங்கிலம் சின்னது, அறிவு பெரியது. அந்த வயதுக்கு ஏற்ற கனமான கதையை இலகு மொழியில் தரவேண்டும். பழம்பெரும் கதைகள் அங்கேதான் உதவுகின்றன. எவ்வளவு சுருக்கினாலும் கதை உயிரோடு நிற்கும். கப்பல் உடைந்து தனித்தீவில் ஒதுங்கியவன் எப்படிப் பிழைத்தான் என்ற கேள்வியை நூறு சொற்களிலும் கேட்கலாம், ஆயிரம் பக்கங்களிலும் கேட்கலாம். இன்னொரு வசதியும் உண்டு. டெபோ, லாம்ப், ட்வைன் ஆகியோரின் மூலநூல்களுக்கு இப்போது பதிப்புரிமை இல்லை. புரொஜெக்ட் குட்டன்பேர்க் தளத்தில் சும்மா கிடைக்கின்றன. ஆசிரியர் தானே இலகுவாக எழுதி போட்டோ கொப்பி அடித்துக் கொடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

அடுத்து "ஈமானுக்கு ஆகாது" என்ற சகோதரர்களுக்கு. உங்களோடு நாங்கள் வாதாட வரவில்லை, ஒரு புத்தகத்தைத் திறந்து காட்ட வருகிறோம்.

டெபோவின் ரொபின்சன் குருசோ 1719இல் வந்தது. அதற்கு 11 வருடங்களுக்கு முன், 1708இல், சைமன் ஒக்லி என்பவர் ஓர் அரபுக் கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தனித்தீவில் மனிதத் துணையின்றி வளர்ந்து, பார்த்தும் சிந்தித்தும் படைத்தவனை அறியும் ஒருவனின் கதை. பெயர் ஹய் இப்னு யக்ளான். எழுதியவர் 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசில் வாழ்ந்த இப்னு துஃபைல். குருசோவுக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பு காணும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் கிட்டே வாருங்கள். 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற இளைஞனும் கப்பல் தலைவனான அவனது தந்தையும் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டது எங்கே? கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கத்தில். 19 வருடங்கள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, தொப்பி பின்னி விற்றுப் பிழைத்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்தான். 1681இல் இலங்கையைப் பற்றி அவன் எழுதிய நூல் இலண்டனில் வெளியானது. டெபோ அதை வாசித்தவர். 1720இல் எழுதிய இன்னொரு நாவலில் நொக்ஸின் கதையையே எடுத்துச் சொல்லியிருக்கிறார். மூதூரில் ஒரு ஆசிரியர் குருசோவைப் படிப்பிக்கும்போது கடற்கரையைக் கைநீட்டிக் காட்டித் தொடங்கலாம். இதை வெள்ளைக்காரன் கதை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியுமா?

அந்தக் கதைக்குள் அசிங்கமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். குருசோ மொறோக்கோவின் சலே துறைமுகத்தில் அடிமையாக இருந்து தப்புகிறான். கூடவே வந்து உதவியவன் சூரி என்ற முஸ்லிம் சிறுவன். தப்பிய கையோடு அந்தச் சிறுவனை ஒரு போர்த்துக்கேயக் கப்பல்காரனிடம் 60 வெள்ளிக் காசுக்கு விற்கிறான். கிறிஸ்தவனானால் பத்து வருடத்தில் விடுதலை என்பது ஒப்பந்தம். அந்தக் கதையில் வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்கு உள்ள பெயர் "மூர்". உங்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இனம் என்ற இடத்தில் இலங்கைச் சோனகர் என்றிருக்கும். அதற்கு ஆங்கிலம் "ஸ்ரீலங்கன் மூர்". போர்த்துக்கேயர் ஒரே பெயரை அங்கேயும் ஒட்டினார்கள், இங்கேயும் ஒட்டினார்கள்.

பிறகு தீவில் இன்னொருவன் கிடைக்கிறான். அவனுக்கு என்ன பெயர் என்று குருசோ கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று தானே பெயர் வைக்கிறான். அவனுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறான். ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கும் சொற்களில் ஒன்று "மாஸ்டர்". எசமான்.

இதைப் பிள்ளை வாசிக்கக்கூடாதா? நாங்கள் சொல்கிறோம், வாசித்தே ஆகவேண்டும். சூரியை விற்றது நியாயமா என்று தரம் 9 வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கடைசி வாங்கில் ஒளிந்திருக்கும் பிள்ளையும் கை உயர்த்தும். உடைந்த ஆங்கிலத்தில் என்றாலும் பதில் சொல்லத் துடிக்கும். கோபம் வந்த பிள்ளை சொல் தேடும். "கடையில் சாமான் வாங்குவது எப்படி" என்ற பாடத்தில் அந்தத் துடிப்பை நாங்கள் கண்டதில்லை. எசமான் என்று சொல்லப் பழக்கிய மொழியிலேயே "நீ செய்தது பிழை" என்று எமது பிள்ளை எழுதவேண்டும். அதற்கு அந்தக் கதையை அது அறிந்திருக்க வேண்டும்.

புத்தகத் தெரிவில் உலமாக்களும் பெற்றோரும் எங்களோடு உட்காரட்டும். வயதுக்கு ஒவ்வாததை நாங்களே ஒதுக்குவோம். ஆனால் கதை என்பதாலேயே ஆகாது என்று சொல்லாதீர்கள். கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். எமது சமூகம் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று பாடுபட்டார். அதே மனிதர்தான் 1885இல் அஸன்பே சரித்திரம் என்ற நாவலை எழுதினார். பாடசாலை, பத்திரிகை, நாவல் மூன்றையும் ஒரே கையால் செய்தவரை வருடாவருடம் மேடையில் புகழ்ந்துவிட்டு, நாவல் வாசிப்பது வீண் வேலை என்று பிள்ளைக்குச் சொல்வது என்ன நியாயம்?

மூன்று சாராருக்கும் சொல்லிவிட்டோம். உண்மையான எதிரியைப் பற்றி யாருமே பேசவில்லை. அதன் பெயர் நோட்ஸ்.

ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் எல்லோருக்கும் உண்டு. ஆங்கில இலக்கியம் விருப்பப் பாடம். அண்மை வருடங்களின் பாடத்திட்டத்தில் மார்க் ட்வைனின் இளவரசனும் ஏழைச் சிறுவனும், ஆர்.கே. நாராயணின் இனிப்பு வியாபாரி, எமது நாட்டு எழுத்தாளர் திஸ்ஸ அபேசேகரவின் டோனியின் கதை எல்லாம் இருந்தன. நல்ல தெரிவுகள். ஆனால் அந்தப் பாடத்தை எடுக்கும் பிள்ளைகளில் பலர் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. டியூட்டரியில் கிடைக்கும் நோட்ஸில் கதைச் சுருக்கம் இருக்கும், பாத்திரங்களின் குணம் இருக்கும், எதிர்பார்க்கை வினாவுக்கு விடையும் இருக்கும். பிள்ளை அதை மனனம் செய்கிறது. இளவரசனின் உடையைப் போட்ட ஏழைச் சிறுவனுக்கு நெஞ்சு எப்படிப் படபடத்திருக்கும் என்று கேட்டால் தெரியாது. அந்த நாவலின் கருப்பொருள் என்ன என்று கேட்டால் ஐந்து புள்ளிகள் ஒப்புவிக்கும். ட்வைன் பழைய காலத்துப் பேச்சு ஆங்கிலத்தில் உரையாடல் எழுதியவர். வரிசை தெரியாமல் மூலத்தைத் திணித்தால் பிள்ளை நோட்ஸுக்குள் ஓடத்தான் செய்யும். ஒரிஜினல் மோகமும் நோட்ஸ் வியாபாரமும் ஒரே நாணயத்தில்தான் பிழைக்கின்றன.

எமது போன்ற தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் பலவற்றில் இந்த விருப்பப் பாடமே கிடையாது. "நம்மட புள்ளைகளுக்கு ஏலாது" என்று பெரியவர்களே முடிவெடுத்துவிட்டார்கள். அதன் விளைவைப் பாருங்கள். ஓ.எல்.இல் இலக்கியத்தைத் தொடாத பிள்ளை ஏ.எல்.இல் ஆங்கிலம் எடுக்கத் துணியாது. ஏ.எல்.இல் எடுக்காத பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பட்டத்துக்குப் போகாது. பிறகு ஊர்ப் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியர் இல்லை என்று மனு எழுதிக்கொண்டு வலயக் கல்விக் காரியாலயத்துக்கு அலைகிறோம். ஆசிரியர் வானத்திலிருந்து இறங்குவாரா?

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

பழைய மாணவர்களே, நாற்பது தலைப்பில் ஒவ்வொரு பிரதி வாங்காதீர்கள். இலகு ஆங்கிலத்தில் வந்த நாலு கதைகளைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றிலும் இருபது பிரதி வாங்குங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு புத்தகம் கிடைக்கும். மூலநூல் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி போதும்.

அதிபர்மாரே, வாரத்தில் ஒரு பாடவேளை, அந்த 40 நிமிடத்தை வாசிப்புக்கு மட்டும் தாருங்கள். அலுமாரியின் திறப்பை வகுப்புக்குத் தாருங்கள். புத்தகம் கிழியட்டும். கிழியாத புத்தகம் வாசிக்காத புத்தகம்.

சக ஆசிரியர்களே, கதையை முதலில் தமிழில் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு இலகு ஆங்கிலத்தை நீங்களே சத்தமாக வாசியுங்கள், பிள்ளை கண்ணால் தொடரட்டும். பிறகு ஒரு காட்சியைத் தங்கள் சொந்த வசனத்தில் நடிக்க விடுங்கள். கடைசியில் மூலத்திலிருந்து ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். கதை தெரிந்த பிள்ளை அந்தப் பக்கத்தைக் கண்டு பயப்படாது. ஒரு கதை முடியும்வரை எவரும் நோட்ஸ் கொடுக்கக்கூடாது.

தாய்மார்களே, பிள்ளை கதைப் புத்தகம் வைத்திருந்தால் "படிக்கிற புத்தகத்த எடு" என்று அதட்டாதீர்கள். அதுவும் படிக்கிற புத்தகம்தான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பண்போடு பதில் தருகிறோம். ஒரேயொரு நிபந்தனை. எழுதுவதற்கு முன் உங்கள் வீட்டில் ஓ.எல். படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் ஆங்கிலப் பாடநூலில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் என்ன விளங்கியது என்று தமிழில் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.